உப்பைத் தாங்கும் பயிர்களை ஆராய ஒரு மரபு வளத் தொகுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

#1 நெய்தல்நிலா | சனி, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு, அங்கேயே ஒரு சிறிய ஆய்வுத் திட்டத்தைப் பொறுப்பேற்றிருக்கிறேன். மூன்றாண்டுக்கான நிதி, ஓர் உதவியாளர், மொட்டை மாடியில் ஒரு நிழல்வலைக் குடில் ஆகியவையே என் கையிருப்பு. தாவரங்களின் உப்புத் தாங்குதிறனை ஆராய உதவும் மரபு வளங்களை உருவாக்குவதாக விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். எழுதும்போது இருந்த தெளிவு, வேலையைத் தொடங்க உட்கார்ந்தபோது இல்லை.

இரண்டு வழிகள் தெரிகின்றன. அடையாற்றுக் கழிமுகத்திலும் முட்டுக்காட்டுப் பக்கத்திலும் உப்பிலேயே வாழும் வெண்கண்டல், உமரி போன்ற செடிகளை எடுத்து, உப்பு கூடும்போது அவற்றில் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று படித்துப் பட்டியலிடுவது ஒரு வழி. நம் கடலோர நாட்டு நெல் ஒன்றை உப்பைத் தாங்காத நெல்லோடு மகரந்தம் மாற்றி ஒட்டுக்கட்டி, பல தலைமுறை நகர்த்தி, விதைக்கு விதை மாறாத நிலையான வரிசைகளை உருவாக்குவது மற்றொன்று. முதல் வழியில் ஓராண்டுக்குள் கட்டுரை எழுதிவிடலாம் என்கிறார் என் வழிகாட்டி. இரண்டாவது வழியில் மூன்றாண்டு முடியும்போது கையில் என்ன இருக்கும் என்றே தெரியவில்லை. இத்துறையில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கண்டல்வனம் | சனி, காலை 9.15

தயக்கமே வேண்டாம், முதல் வழிதான். கடல்நீரின் மின்கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) மீட்டருக்குச் சுமார் 50 டெசிசீமன்ஸ். நெல்லோ 3 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே விளைச்சலை இழக்கத் தொடங்குகிறது. அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு போய்விடும். நீந்தத் தெரியாதவனிடம் நீச்சல் கற்க யாராவது போவார்களா?

வெண்கண்டல் வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிடுகிறது. தப்பி மேலே வந்ததில் 40 விழுக்காடு வரை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றிவிடுகிறது. காலையில் அடையாற்று ஓரம் போய் இலையின் அடிப்புறத்தைத் தடவிப் பாருங்கள், விரலில் உப்புப் படிகம் ஒட்டும். இம்மரத்தில் சென்னைக்கு ஒரு முன்வரலாறும் உண்டு. தரமணியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதன் இலையிலிருந்து மரபணு வெளிப்பாட்டுத் துணுக்குகளின் நூலகம் ஒன்றை உருவாக்கி 2005 வாக்கில் வெளியிட்டார்கள். புவனேசுவரத்தின் உயிரறிவியல் நிறுவனமும் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆய்வாளர்களும் சேர்ந்து 2021இல் இதன் முழு மரபணுத் தொகுதியையே, 31 குரோமோசோம்களில் சுமார் 457 மெகாபேஸ் (45.7 கோடி டி.என்.ஏ. எழுத்திணைகள்) அளவுக்கு, மற்ற ஆய்வுகள் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க தரத்தில் வெளியிட்டார்கள். அடித்தளம் போட்டாயிற்று. அதன்மேல் சுவர் எழுப்புவதை விட்டுவிட்டுப் புது மனை தேடுவானேன்?

#3 பழையநாற்றங்கால் | சனி, மாலை 4.50

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெல் ஒட்டுக்கட்டிவிட்டு இப்போது தாம்பரத்தில் ஓய்வில் இருப்பவன் நான். கண்டல்வனம் அவர்கள் சொன்ன தகவல் எதிலும் எனக்கு மறுப்பில்லை. அவர் எடுத்த முடிவில்தான் மறுப்பு. மரபணுப் பட்டியல் வேறு, மரபு வளம் வேறு. உப்பு கூடும்போது ஆயிரக்கணக்கான மரபணுக்கள் கூடியும் குறைந்தும் வெளிப்படும். அவற்றுள் எது செடியைக் காப்பாற்றுகிறது, எது வெறுமனே அலறுகிறது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது மரபியல் ஒன்றே. மரபியலுக்கு வேண்டியவை வேறுபாடு, ஒட்டு, சந்ததி ஆகிய மூன்றும்.

கடுகுக் குடும்பத்தின் சிறு செடியான அராபிடாப்சிஸைப் பாருங்கள். அது உப்பைத் தாங்கவே தாங்காது. ஆயினும் உப்பைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது. தொண்ணூறுகளில் விதைகளுக்குத் திடீர்மாற்றம் ஊட்டி, நாற்றுகளை உப்புக் கூழ்மத் தட்டில் தலைகீழாகத் திருப்பி வைத்து, எந்த நாற்றின் வேர் கீழ்நோக்கி வளையாமல் நின்றுபோகிறது என்று பார்த்தார்கள். அப்படிச் சிக்கியவையே எஸ்.ஓ.எஸ். 1, 2, 3 என்ற மரபணுக்கள். இவற்றில் முதலாவது, உயிரணுவுக்குள் புகுந்த சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு; மற்ற இரண்டும் அதை முடுக்கிவிடுபவை. பிறகு அராபிடாப்சிஸின் உறவுச்செடியும் உப்பைத் தாங்குவதுமான யூட்ரீமாவை எடுத்து அதே முதல் மரபணுவை அடக்கிப் பார்த்தபோது, அந்த உவர்ச்செடி உப்பில் துவண்டது. அதாவது உவர்ச்செடியிடம் இருப்பது நம் செடிகளிடம் இல்லாத ஏதோ மந்திர மரபணு அன்று. அதே மரபணுவை எங்கே, எப்போது, எவ்வளவு வெளிப்படுத்துவது என்னும் ஆட்சி வேறாக இருக்கிறது. அந்த ஆட்சியைப் பட்டியலில் இருந்து எப்படிப் படிப்பீர்கள்?

வெண்கண்டலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது மரம். ஒரு தலைமுறைக்கே ஆண்டுகள் ஆகும். அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிடத் தொடங்கிவிடுவதால், உலர்த்தி உறைநிலையில் வைக்க முடியாது. இன்று நீங்கள் ஆய்வு செய்த அதே மரபை ஐந்தாண்டு கழித்து இன்னோர் ஆய்வகத்துக்கு ஓர் உறையில் போட்டு அனுப்ப இயலாது என்றால், அதை வளம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இப்போது நெல்லுக்கு வருகிறேன். கேரளக் கடலோரத்துப் பொக்காளியை, உப்பைத் தாங்காத ஐ.ஆர். 29 என்னும் ரகத்தோடு பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒட்டுக்கட்டினார்கள். இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு செடியும் ஒரு புதிய கலவை. ஆனால் அந்தக் கலவை அந்த ஒரே செடியோடு முடிந்துவிடும். ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரே ஒரு விதையை மட்டும் எடுத்து அடுத்த தலைமுறைக்குப் போய், ஆறேழு முறை இப்படி நகர்த்தினால், ஒவ்வொரு வரிசையும் தன்னளவில் நிலைபெற்றுவிடும். ஆய்வகங்களில் ஆர்.ஐ.எல். என்று சொல்வது இதைத்தான். ஒரே வரிசையை இந்த ஆண்டு உப்பிலும், அடுத்த ஆண்டு வறட்சியிலும், பத்தாண்டு கழித்து நம் கற்பனையில் இன்று இல்லாத ஒரு சோதனையிலும் வைக்கலாம். அந்தத் தொகுப்பிலிருந்துதான் முதல் குரோமோசோமில் உப்பைத் தாங்க உதவும் சால்டால் என்ற பகுதி கண்டறியப்பட்டது. அதிலிருந்து தேர்ந்த எஃப்.எல். 478 என்ற ஒரு வரிசையைக் கொடையாகக் கொண்டே நம் தமிழ்நாட்டில் ஏ.டி.டி. 45, சி.ஆர். 1009 போன்ற ரகங்களுக்குள் சால்டால் பகுதியைக் கொண்டுசேர்க்கும் பணி நடந்தது. வங்காளத்தின் நோனா போக்ராவை ஜப்பானியக் கோஷிஹிகாரியோடு ஒட்டிப் பெற்ற சந்ததியிலிருந்து, அதே முதல் குரோமோசோமில் இருந்த மரபணுவை 2005இல் பிரித்தெடுத்தார்கள். வேரிலிருந்து மேலேறும் சாற்றில் வரும் சோடியத்தை வழியிலேயே இழுத்து, இலைக்குப் போகாமல் காப்பது அதன் வேலை.

கோதுமையில் இன்னும் சுவையான கதை உண்டு. எழுபதுகளில் தண்டுத் துருநோய்க்கு எதிர்ப்புத் திறனைக் கொண்டுவரும் நோக்கில், ஒரு பழங்காலக் கோதுமை உறவை டூரம் கோதுமையோடு ஒட்டியிருந்தார்கள். அந்த வழிவந்த ஒரு வரிசையில்தான் சோடியத்தை இலைக்கு விடாத மரபணு பின்னாளில் தெரியவந்தது. அதை ஏந்திய டூரம் கோதுமை, உவர் வயலில் ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக விளைந்ததாக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். துருவுக்குச் செய்த விதை உப்புக்கு உதவியது, யாரோ அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்.

#4 கண்டல்வனம் | சனி, இரவு 8.05

ஐயா, "வளம் என்று சொல்ல நா எழவில்லை" என்பது சற்றுக் கடுமை. விதையைச் சேமிக்க முடியாதென்றால் நடப்பட்ட காடே பெட்டகம் ஆகலாம். வேதாரண்யத்தில் உவர்த்தாவரங்களுக்கென்றே மரபுத் தோட்டம் அமைத்திருக்கிறார்களே. ஆனால் சந்ததி இல்லாத பட்டியல் காரணத்தைச் சொல்லாது என்பதை ஏற்கிறேன். என் முனைவர் பட்டத்தில் பாதி அத்தியாயங்கள் "இம்மரபணு உப்புத் தாங்குதிறனில் பங்காற்றக்கூடும்" என்றுதான் முடிகின்றன. அந்தக் "கூடும்" இன்றும் அப்படியே நிற்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு செடி இருப்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். சுந்தரவனத்து உவர்ச்சேற்றில் வளரும் காட்டுநெல்லான ஒரைசா கோஆர்க்டேட்டா, நெல் பேரினத்தைச் சேர்ந்தது. இலையில் உப்பை வெளியேற்றும் மயிர்கள் உடையது. நெல்லுக்கு 24 குரோமோசோம்கள் என்றால் இதற்கு 48. பயிர்நெல்லோடு ஒட்டுக்கட்டினால் கரு உருவாகி அழிந்துவிடும். கருவைப் பிரித்தெடுத்து ஊட்டக் கூழ்மத்தில் வளர்த்தால்தான் பிழைக்கும். சிறு ஆய்வகத்துக்கு இது உகந்ததன்று என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

#5 வேதாரண்யத்தான் | ஞாயிறு, காலை 6.30

நான் விஞ்ஞானி இல்லை. சிறுசேரியில் மென்பொருள் வேலை. ஊரில் இன்னும் வயல் இருக்கிறது, சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். இங்கு எல்லோரும் "உப்பு" என்று ஒரே சொல்லில் பேசுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் உவர் வேறு, களர் வேறு.

உவர் நிலத்தில் கோடையில் மண்ணுக்கு மேல் வெள்ளைப் படலம் பூக்கும். நல்ல மழை பெய்து வடிகால் திறந்துவிட்டால் உப்பு கீழே இறங்கிவிடும். 2004 டிசம்பர் சுனாமியில் எங்கள் பக்கத்து வயல்களில் கடல் ஏறியபோது, இனிப் பத்தாண்டுக்கு விளையாது என்றார்கள். ஆனால் நல்ல மழையும் வடிகாலும் வாய்த்த வயல்கள் அதற்கு வெகு முன்பே திரும்பிவிட்டன. களர் அப்படியல்ல. மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நிற்கும், காய்ந்தால் பாறை போல இறுகும். எத்தனை முறை தண்ணீர் கட்டி வடித்தாலும் பயனில்லை; ஜிப்சம் போட்டாக வேண்டும். திருச்சிப் பக்கம் உறவினர் வயலில் நானே பார்த்திருக்கிறேன்.

எனவே என் கேள்வி எளிமையானது. நெய்தல்நிலா அவர்கள் எந்த உப்புக்கு விதை சேர்க்கப் போகிறார்?

#6 பழையநாற்றங்கால் | ஞாயிறு, காலை 8.20

இந்த இழையிலேயே முதன்மையான கேள்வியை நம் உழவர் வீட்டுப் பிள்ளைதான் கேட்டிருக்கிறார். புத்தகக் கணக்கில், மண்ணில் நீர் நிறைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் மின்கடத்துதிறன் 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர். களிமண் பற்றியிருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டி, கார அமில நிலையும் (பி.எச்.) 8.5க்கு மேல் போனால் களர். உவரில் செடிக்கு இரு தொல்லைகள்: முதல் நாளிலேயே நீரை உறிஞ்ச முடியாமை, சில வாரங்களில் இலைக்குள் சோடியம் சேர்ந்து நஞ்சாதல். களரில் இவற்றோடு காற்றோட்டமில்லாத மண், கரையாத துத்தநாகம், பைகார்பனேட் என்று வேறொரு படையே நிற்கும். உவரில் நிமிர்ந்து நின்ற வரிசை களரில் படுத்துவிட்டதை என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொதுவாக வழங்கும் மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் களர் நிலம் ஏறத்தாழ 3.55 லட்சம் ஹெக்டேர். உவர் நிலமோ 13,000 ஹெக்டேர் அளவுதான். நம் ஆய்வகங்களில் நடப்பதோ பெரும்பாலும் சோடியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் சோதனை. சமையலுப்பை ஊற்றிக் களருக்கு விடை தேடுகிறோம். திருச்சியில் உள்ள வேளாண் கல்லூரி களருக்கென்றே டி.ஆர்.ஒய். வரிசை நெல்களை வெளியிட்டதும், இராமநாதபுரத்தில் கடலோர உவருக்குத் தனி ஆராய்ச்சி மையம் இருப்பதும் இந்த வேறுபாட்டினால்தான். உங்கள் தொகுப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு சோதனைகள், அட்டவணையில் இரண்டு தனித்தனிப் பத்திகள் வேண்டும்.

#7 எண்சுவடி | ஞாயிறு, பகல் 12.10

புள்ளியியல் பக்கத்திலிருந்து சில சொற்கள். தொகுப்பு சிறிதானால் பொய் பெரிதாகும். ஐம்பது அறுபது வரிசைகளை வைத்துக்கொண்டு, உப்பைத் தாங்கும் மரபணுக்கள் குரோமோசோமில் எங்கே என்று இடம் தேடினால், பெரிய விளைவுடைய ஓரிரு இடங்களே கண்ணில் படும். அவற்றின் விளைவும் உண்மையைவிட ஊதிப் பெருத்துத் தெரியும். துறையில் இதற்குப் பீவிஸ் விளைவு என்றே பெயர். 150 முதல் 200 வரிசைகள் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

அடுத்தது, சென்னையில் உப்புச் சோதனை செய்பவர்கள் எல்லோரும் விழும் பள்ளம். ஆறேழு ஆண்டுகளுக்கு முன் நான் உடன் வேலை செய்த ஒரு குழுவில், உப்பு ஊற்றாத ஒப்பீட்டுத் தொட்டிச் செடிகளும் நுனி கருகிக்கொண்டே இருந்தன. பூச்சி என்றார்கள், நோய் என்றார்கள், விதை பழையது என்றார்கள். இரண்டு பருவம் கழித்து, யாரோ ஒருவர் விளையாட்டாக, மின்கடத்துதிறனை அளக்கும் இ.சி. மீட்டரை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது மீட்டர் 3ஐத் தொட்டது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கட்டடம். கோடையில் கிணற்றுக்குள் கடல் வந்துகொண்டிருந்தது. வடக்கே மீஞ்சூரில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உட்புகுந்ததைப் பாடத்தில் படித்தவர்கள்தாம் அனைவரும். தம் குழாயைத் திறந்து சோதிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பருவத் தரவும் குப்பைக்குப் போயிற்று.

பருவமும் அப்படியே. மே மாதத்தில் 40 டிகிரி வெயிலும் உலர்ந்த காற்றும் செடியை அதிகமாக நீராவி விடச் செய்யும். அதிக நீர் மேலேறினால் அதிக சோடியமும் மேலேறும். மார்கழியில் 12 டெசிசீமன்ஸில் தப்பிய நாற்று, அதே தட்டில், அதே கரைசலில் மே மாதம் சாகும். ஆகவே தாங்கும் வரிசை ஒன்றும் தாங்காத வரிசை ஒன்றும், அதாவது எஃப்.எல். 478உம் ஐ.ஆர். 29உம், ஒவ்வொரு தட்டிலும் இருந்தாக வேண்டும். 1 முதல் 9 வரை கண்ணால் மதிப்பெண் போடும் முறைதான் வழக்கம். 1 என்றால் நலம், 9 என்றால் சாவு. மதிப்பெண் போடுபவருக்கு எந்தத் தட்டில் எந்த வரிசை என்று தெரியக்கூடாது. சோடியம், பொட்டாசியம் அளவை ஃபிளேம் போட்டோமீட்டரில் தனியாக எடுத்து வையுங்கள்; கண் சொல்வதையும் கருவி சொல்வதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

#8 நெய்தல்நிலா | ஞாயிறு, இரவு 9.30

நேற்றுக் காலை இருந்ததைவிட இன்று குழப்பம் கூடியிருக்கிறது. ஆனால் நல்ல குழப்பம். எண்சுவடி அவர்களின் பதிவைப் படித்ததும் மாடிக்கு ஓடிப் போய் எங்கள் குழாய்த் தண்ணீரை அளந்தேன். 1.9 காட்டியது. இனிமேல் மழைநீர், அல்லது வடிகட்டிய நீர்.

நெல் என்று முடிவு செய்தால் எந்த நாட்டு நெல்லை எடுப்பது? குழியடிச்சான், களர்ப்பாலை, குடவாழை எனப் பெயர்கள் தெரியும். திருவிழாக்களில் விதை வாங்கலாம் என்கிறார்கள். ஒரு படி வாங்கிவந்து தொடங்கினால் போதுமா? பெயர் எழுதிய பை ஒன்றே அடையாளமாகிவிடுமா?

#9 பழையநாற்றங்கால் | திங்கள், காலை 7.05

போதவே போதாது. பொக்காளி என்ற ஒரே பெயரில் விதை வங்கிகளில் பல பதிவுகள் இருக்கின்றன. டி.என்.ஏ.வில் மரபை அடையாளம் காட்டும் மார்க்கர் குறிகளும் அவற்றில் ஒன்றுபோல் இல்லை. எஃப்.எல். 478இன் சால்டால் பகுதியில் பொக்காளியிடமிருந்து வந்தது பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்திணைகளுக்கும் குறைந்த சிறு துண்டு, அதன் இருபுறமும் ஐ.ஆர். 29இன் துண்டுகள் என்பதைப் பின்னால்தான் கண்டுபிடித்தார்கள். நாட்டு நெல் என்பது ஒரு மரபு அன்று, ஒரு கூட்டம். உழவருக்கு அந்தக் கலவை ஒரு காப்பு: ஓராண்டு ஒன்று தவறினால் மற்றொன்று நிற்கும். ஆராய்ச்சியாளருக்கு அதுவே கண்கட்டு. நம் பக்கத்திலோ பெயரே நிலையாக இல்லை. குழியடிச்சானையே குழிவெடிச்சான் என்பவர் உண்டு. ஒரே பெயரில் இரு ஊரில் இரு நெல் இருப்பதும் உண்டு.

அதனால், முடிந்தவரை வயலில் நின்று எடுங்கள். ஒரு வயலில் ஐம்பது செடிகளிலிருந்து ஐம்பது கதிர்கள், கதிருக்கு ஓர் உறை. ஊர், வயலின் இருப்பிடம், உழவர் சொல்லும் பெயர், எத்தனை தலைமுறையாக அவர் கையில் இருக்கிறது, அந்த மண்ணின் மின்கடத்துதிறன், கார அமில நிலை ஆகிய எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கதிரையும் தனித்தனியே விதைத்துப் பெருக்கினால் தூய வரிசை கிடைக்கும். அந்தத் தூய வரிசையின் டி.என்.ஏ.வைத்தான் படிக்க வேண்டும், அதன் விதையைத்தான் பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நம் கடலோர நாட்டு நெல்களில் பல, பகல்பொழுது சுருங்கினால்தான் பூக்கும். ஐ.ஆர். ரகங்களைப் போல ஆண்டுக்கு மூன்று தலைமுறை ஓட்ட முடியாது, சம்பா ஒன்றுதான். மாலை ஐந்து மணிக்குக் கறுப்புத் துணியால் மூடிக் காலையில் திறந்து குறும்பகலை நாமே உண்டாக்கினால் இரண்டு தலைமுறை ஓட்டலாம். ஆனால் உள்ளே வெப்பம் ஏறிப் பூ மலடாகாமல் பார்க்க வேண்டும். நிலையான வரிசைகள் மூன்றாண்டில் முடியாது. முடியும் என்று யாராவது நிதிக்குழுவுக்கு எழுதிக் கொடுத்தால், அவர் நெல் நட்டவர் அல்லர்.

#10 விதைப்பெட்டகம் | திங்கள், பகல் 2.40

விதைக் கிடங்கில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எல்லோரும் உருவாக்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், வைத்துக் காப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரின் தென்பகுதியில் நான் பணியாற்றிய இடத்தில் தரைத்தளத்தில் இருந்த டீப் ஃப்ரீசர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நான்கு நாள் மின்சாரம் இல்லை. ஜென்செட்டும் தரைத்தளத்திலேயே இருந்ததால் அதுவும் மூழ்கிவிட்டது. விதையெல்லாம் செத்துவிட்டதாக நினைத்தோம். உடனே உலர்த்தியவற்றில் பாதிக்கு மேல் முளைத்தன! ஆனால் உறைகளில் ஜெல் பேனாவால் எழுதியிருந்த எண்கள் கரைந்துபோயிருந்தன. உயிரோடு இருக்கும் விதை, பெயர் தெரியாத விதை. எட்டாண்டு ஒட்டுக்கட்டிய சந்ததியைக் கோழிக்குப் போடவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பொருளில்லை.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பவை: பென்சிலால் எழுதிய சீட்டு உறைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. அலுமினியத் தாள் உறை, வெப்பத்தால் ஒட்டியது. அசல் தொகுப்பு ஓர் இடம், பங்கிட்டுக் கொடுக்கும் தொகுப்பு வேறிடம், இரண்டுக்கும் குறைந்தது நூறு கிலோமீட்டர் இடைவெளி. உலர்த்துவதில் சென்னைக் காற்றை நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலில் காயவைத்த நெல் மாலையில் மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து ஈரப்பதத்தை 6, 7 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தாலோ, வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலோ விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பழைய கணக்கு. பணம் இருந்தால் உறைபெட்டி வாங்குங்கள், இல்லையென்றால் முதலில் சிலிகா ஜெல் வாங்குங்கள்.

#11 கண்டல்வனம் | திங்கள், மாலை 6.15

சட்டப் பக்கம் ஒரு குறிப்பு, சுருக்கமாக. தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் தரமணியிலேயே இருப்பதால் சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்கலாம். இந்திய ஆய்வாளர் நம் நாட்டுக்குள் ஆராய்ச்சிக்காகச் சேகரிப்பது ஒன்று. அந்த விதையை வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்புவதும் காப்புரிமை கேட்பதும் வேறு. வெளிநாட்டுக்கு அனுப்ப 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும்; காப்புரிமைக்கோ, அச்சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தப்படி, இந்தியர் அதைப் பெறுமுன் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். எஃப்.எல். 478, ஐ.ஆர். 29 ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவிப்பதானால், தில்லியின் தேசியத் தாவர மரபு வளப் பணியகம் வழியாக இறக்குமதி அனுமதியும் நோய்த்தடுப்புச் சோதனையும் உண்டு, மாதங்கள் ஆகும். உள்நாட்டில் ஏற்கெனவே வைத்திருக்கும் ஆய்வகத்திடம் கேட்பது எளிது. நாட்டு ரகத்தை உழவரே தம் பெயரில் பதிவு செய்துகொள்ள 2001ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. விதை கொடுப்பவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். பலருக்குத் தெரியாது.

#12 நெய்தல்நிலா | செவ்வாய், இரவு 10.20

நான் எடுத்திருக்கும் முடிவை எழுதுகிறேன். பிழை இருந்தால் தடுங்கள்.

முதலாண்டில் ஒட்டுக்கட்டுவதில்லை. நாகை, திருவாரூர், இராமநாதபுரம் கடலோர வட்டாரங்களில் நாட்டு நெல் இன்னும் நிற்கும் வயல்களிலிருந்து கதிர் கதிராகச் சேர்த்து, மண்ணையும் அளந்து, நூறு தூய வரிசைகள் வரை உருவாக்குவது. களர் வயல் ஒன்றைத் திருச்சிப் பக்கம் வேதாரண்யத்தான் அவர்களின் உறவினரிடம் குத்தகைக்குக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் உவருக்கும் களருக்கும் தனித்தனிச் சோதனை, அவற்றிலும் நாற்றுப் பருவத்துக்கு ஒன்று, பூக்கும் பருவத்துக்கு ஒன்று. முளைப்பதிலும் தூர்விடுவதிலும் நெல் ஓரளவு தாங்கிவிடுகிறது. நாற்றிலும் பூவிலும்தான் தவறுகிறது என்பதால் இந்தப் பிரிவு. இரண்டாம் ஆண்டு இறுதியில், உவரில் நின்று களரில் விழுந்த ஒரு வரிசைக்கும், களரில் நின்று உவரில் விழுந்த ஒரு வரிசைக்கும் ஒட்டுக்கட்டுவேன். அப்படி இரண்டு வரிசைகள் கிடைக்க வேண்டும். கிடைத்தால், தாங்குவதையும் தாங்காததையும் ஒட்டும் வழக்கமான முறையைவிட அந்தச் சந்ததி நமக்குக் கூடுதலாகச் சொல்லும் என்று நம்புகிறேன். மூன்றாண்டு முடியும்போது கையில் இருக்கப்போவது மூன்றாம் தலைமுறை விதைதான். அறிக்கையிலும் அதையே எழுதுவேன். வழிகாட்டியிடம் இன்று பேசினேன். அரை மணி நேரம் மௌனமாக இருந்துவிட்டு, உமரிச் செடிக்கு ஒரு சிறு கட்டுரையாவது எழுதிவிடு என்றார். எழுதுகிறேன்.

#13 பழையநாற்றங்கால் | புதன், காலை 6.45

உவரையும் களரையும் ஒட்டும் எண்ணம் எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று பொறாமையாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: ஒட்டை இரு திசையிலும் கட்டுங்கள், தாயாக ஒன்று, தந்தையாக ஒன்று. காலை வெயில் ஏறுமுன் மகரந்தப் பைகளை நீக்கும் வேலைக்குக் கை பழகியவர் வேண்டுமென்றால், மின்ரயிலில் ஏறி வந்துவிடுகிறேன். கண் மங்கிவிட்டது, ஆனால் இடுக்கி பிடிக்கும் கை இன்னும் நடுங்கவில்லை.

#14 வேதாரண்யத்தான் | புதன், இரவு 9.50

சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். எங்கள் வயலில் இந்த ஆண்டு குடவாழை நிற்கிறது. பக்கத்து வயலிலும் அதே பெயரில் ஒன்று நிற்கிறது, ஆனால் அது "அவர்கள் வீட்டுக் குடவாழை, நம்முடையது இல்லை" என்கிறார். இரண்டையும் தனித்தனியே எடுக்கச் சொல்கிறார். தை பிறந்ததும் அறுப்பு. அறுப்புக்கு நான்கு நாள் முன்பாக வரவேண்டுமாம். பிளாஸ்டிக் பை கொண்டுவந்தால் வயலுக்குள் விடமாட்டாராம், துணிப்பையோ காகித உறையோ கொண்டுவாருங்கள். இ.சி. மீட்டரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். வீட்டுக் கிணற்றையும் ஒருமுறை அளந்து சொல்ல வேண்டும் என்று சித்தி கேட்டார்.